உம் கொட்டிய கொழுந்தன்

"கீ... கீ... கீ... கீ!"

கார்குழலியின் இடது காதுக்குப் பின்னாலிருந்து கிளம்பிய அலறலில், நாற்காலியில் சாய்ந்திருந்த ஈஸ்வரி டீச்சர் சாயக் கிண்ணத்தோடு எகிறினார். பாதித் தலைக்கு ஏற்கெனவே கருப்பு ஏறியிருந்தது. மீதிக் கருப்பு சுவருக்கு ஏறியது.

"சிவப்பு! சிவப்பு! வீராங்கனையின் உயிருக்கு ஆபத்து! அனைவரும் விலகி நில்லுங்கள்!"

குழலி பிரஷ்ஷும் கையுமாக விழித்தாள். அவள் ஓடவில்லை. நடக்கக்கூட இல்லை. மேட்டுப்பாளையத்தில் தன் பியூட்டி பார்லரில், மின்விசிறிக்கு நேர் கீழே, சும்மா நின்றுகொண்டிருந்தாள்.

அடுத்த நொடி, காலை ஓட்டத்துக்குக் கட்டி, சேலைக்குள் கழற்றாமல் விட்டிருந்த கால்பட்டைகள் இரண்டும் இரும்பாக இறுகின. வெட்டிய வாழை மாதிரி அப்படியே சாய்ந்தாள். நல்லவேளை, டீச்சர் மடி இருந்தது.

எதிர்ப்புற நாற்றுப் பண்ணையிலிருந்து அவள் கணவன் லோகேஸ்வரன், கையில் கத்தரி நாற்றுத் தட்டோடு பாய்ந்து வந்தான். அவனுக்கு முன்னால் வானத்திலிருந்து தும்பி ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. அது இறங்கிய காற்றில் பக்கத்து டீக்கடையின் பந்தல் பறந்து பஸ் மேல் உட்கார்ந்தது.

தும்பியிலிருந்து குதித்த மருத்துவ ஊழியர் குழலியின் கையைப் பிடித்தார், கண்ணை விரித்துப் பார்த்தார், நெஞ்சில் கருவியை வைத்தார். கடைசியில் தலையைச் சொறிந்தார்.

"ஏம்மா, உங்களுக்கு ஒண்ணுமே இல்லையே! நாடி சாமி பல்லக்கு மாதிரி ஆடி அசைஞ்சு போகுது. இந்தக் காதுப்பொட்டுதான் தோசைக்கல்லாட்டம் கொதிக்குது."

"எம்பட பொண்டாட்டி பொழைச்சுட்டாளுங்களா?" என்றான் லோகு மூச்சிரைக்க.

"அவங்க சாகவே இல்லைங்க. பொய் அலாரம். மேலிடத்துக்கு எழுதித்தான் ஆகணும். யாராச்சும் வந்து விசாரிப்பாங்க."

தும்பி பறந்தது. டீச்சர் பாதிக் கருப்புத் தலையோடு டீக்கடைக்காரரிடம் நியாயம் கேட்கப் போனார். கால்பட்டைகள் தளர்ந்தன. குழலி காதுக்குப் பின்னால் விரலை வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"டேய் கொழுந்தா! என்னடா பண்ணுனே?"

அவளுக்கு மட்டும் கேட்கும்படி ஒரு சன்னக் குரல் வந்தது.

"மன்னிச்சுக்குங்க அண்ணி. கதையில நடு மருமக கெணத்துக்குள்ள எட்டிப் பாத்தாங்கன்னு சொல்லி நிறுத்திட்டீங்க. உள்ள என்னத்தைப் பாத்திருப்பாங்கன்னு காலையில இருந்து யோசிச்சுட்டே இருந்தனுங்க. யோசிச்சு யோசிச்சு எனக்குச் சூடேறிப்போச்சு. அந்தச் சூட்டை உங்க சூடுன்னு நெனைச்சு நானே கத்திப்போட்டேன்."

குழலிக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு, சாயம் வழிந்த சுவரில் சாய்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

அந்தக் காதுப்பொட்டுக்கு அரசாங்கம் வைத்த பெயர் மூச்சுக்காவல். பொட்டு அளவில் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும். மலையோட்டம், நெடுந்தூர ஓட்டம் என்று பதிவு செய்துகொண்ட எல்லோருக்கும் அது கட்டாயம். முதன்முதலில் ஒட்டிய அன்று, "தங்கள் நாடித்துடிப்பு திருப்திகரமாக உள்ளது. எனக்கு ஒரு பெயர் சூட்டுங்கள்" என்று அது செந்தமிழில் கேட்டது. லோகு வீட்டுக்கு ஒரே பிள்ளை. "எம்மாமியா எனக்கு ஒரு கொழுந்தனைப் பெத்துக் குடுக்கல. அந்தக் குறையை நீ தீர்த்து வையி" என்று சொல்லிவிட்டாள் குழலி. அன்றிலிருந்து அது கொழுந்தன், அவள் அண்ணி.

பார்லரில் நாளெல்லாம் மற்றவர்கள் பேசுவார்கள். முகத்தில் கிரீமைப் பூசிவிட்டால் போதும், மேட்டுப்பாளையத்துப் பெண்களுக்குப் பேச்சு அருவியாகக் கொட்டும். குழலி கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டிலோ லோகு தங்கமானவன்தான், ஆனால் மூன்றாவது வாக்கியத்தில் குறட்டை விட்டுவிடுவான். ஆக அவள் வாய் திறக்க மிச்சமிருந்தது ஓடும் நேரம் மட்டும்தான். அந்த நேரத்தில் பொட்டுக்கும் அவள் பேச்சு தேவைப்பட்டது. அவள் எவ்வளவு வேகமாக ஓடலாம் என்று பேச்சை வைத்துத்தான் அது எல்லை போடும்.

மற்ற ஓட்டக்காரர்கள் பொட்டிடம் வாய்ப்பாடு ஒப்பித்தார்கள். சிலர் கந்தர் சஷ்டி சொன்னார்கள். குழலி கதை சொன்னாள். சத்தியமங்கலம் பக்கம் ஒரு பெரிய பண்ணையம், மூன்று மருமகள்கள், காணாமல் போன ஒரு ஜோடி வைரத்தோடு. ஆறு வருடமாக அந்தத் தோடு கிடைக்கவில்லை. கிடைத்துவிட்டால் மறுநாள் என்ன சொல்வது? ஒரே நிபந்தனைதான் வைத்திருந்தாள். கதை கேட்பவன் உம் கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் கதை நின்றுவிடும். முதல் வாரம் "ஆம், தொடருங்கள்" என்றது கொழுந்தன். அடுத்த மாதம் "உம்" என்றது. அதற்கடுத்த மாதம், "அடக் கெரகமே, அப்பறம்ங்க அண்ணி?" என்றது.

மூன்றாம் நாள் விசாரணை அதிகாரி வந்துவிட்டாள். பெயர் சங்கமித்திரை. சென்னையிலிருந்து வந்த மருத்துவர், ஓட்டக் கூட்டமைப்பின் காவல் பிரிவில் வேலை. பார்லர் சோபாவில் உட்கார்ந்து, கொழுந்தனின் ஆறு வருடப் பதிவைத் தன் கண்ணாடியில் ஓடவிட்டுப் பார்த்தாள். லோகு இளநீர் வெட்டிக்கொண்டு வந்து வைத்தான்.

"மேடம், உங்க எல்லைக்கோடு வாரா வாரம் மேல போயிட்டே இருக்கு," என்றாள் சங்கமித்திரை.

"நல்லதுதானுங்களே?" என்றான் லோகு.

"நல்லதா கெட்டதான்னுதான் சார் தெரியல. உங்களுக்கு இது எப்படி வேலை செய்யுதுன்னு தெரியுமா?"

"இவ ஓடுவா, அது கத்தும். அவ்வளவுதானுங்க தெரியும்."

சங்கமித்திரை சிரித்துவிட்டாள். "ஒருத்தர் எவ்வளவு வேகத்துல பயிற்சி பண்ணலாம்னு முன்னாடி இதயத் துடிப்பை வெச்சுச் சொன்னாங்க. வயசைக் கழிச்சு ஒரு கணக்கு. பாதிப் பேருக்கு அது பொருந்தல. விரல்ல குத்தி ரத்தம் பாத்தாங்க. அதை மாத்திரை போட்டு ஏமாத்தினாங்க. மலையோட்டங்கள்ல வரிசையா ஆள் விழ ஆரம்பிச்சப்பதான் ரொம்பப் பழைய வழி ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. பேச்சு. ஓடும்போது பாட முடிஞ்சா அது வெள்ளை, உடம்புக்கு வேலையே இல்ல. கதை சொல்ல முடிஞ்சா பச்சை. ஒரு வாக்கியம் முழுசா வந்தா மஞ்சள். ஒவ்வொரு வார்த்தையா வந்தா ஆரஞ்சு. மூச்சு மட்டும்தான் வருதுன்னா சிவப்பு. சிவப்புல கொஞ்ச நேரம் நின்னா கால்பட்டை பூட்டிக்கும், ஓட்டம் முடிஞ்சுது."

"அருமைங்க! மாத்திரை போட்டு மூச்சை மறைக்க முடியாதே!"

"மறைக்க முடியாது. ஆனா கேக்கறவன் மறைக்கலாம் இல்ல?" சங்கமித்திரை குழலியின் காதைப் பார்த்தாள். "இந்தப் பொட்டு கதைக்கு அடிமை ஆயிருச்சு. சிவப்புன்னு சொன்னா ஓட்டம் நிக்கும், கதையும் நிக்கும். கதை கேக்கற ஆசையில சிவப்பை மஞ்சள்னு சொல்லிட்டு இருந்தா? ஆறு வருஷமா உங்க இதயம் அடி வாங்கிட்டு இருக்கலாம், மேடம். உங்களுக்குத் தெரியாமலே."

லோகு வெட்டிக்கொண்டிருந்த அடுத்த இளநீரில் அரிவாள் பதிந்தபடியே நின்றது.

"அம்மிணி... நெஞ்சு கிஞ்சு வலிக்குதா?"

"உங்களைக் கட்டுன நாள்ல இருந்து," என்றாள் குழலி. ஆனால் குரலில் பழைய துடுக்கு இல்லை. "இப்ப என்னங்க பண்ணோணும்?"

"ஞாயித்துக்கிழமை கோத்தகிரி மலையோட்டத்துல நீங்க ஓடறீங்க இல்ல? உங்க கையில ஒரு ரத்தப் பட்டை ஒட்டிவிடறேன். ஏற்றம் முழுக்க அது தனியா அளக்கும். பொட்டு சொன்ன நிறமும் ரத்தம் சொன்ன நிறமும் ஒண்ணா இருந்தா நான் திரும்பிப் போயிடறேன். ஒரே ஒரு இடத்துல அது சிவப்பை மறைச்சிருந்தாலும் அழிச்சுருவோம். புதுசு ஒண்ணு ஒட்டித் தருவோம்."

"அழிக்கிறதுன்னா?"

"மொத்தமா. குரல், நினைவு, கதை, எல்லாம்."

குழலி காதைத் தொட்டாள். தொட்ட விரலை எடுக்கவே இல்லை.

ஞாயிறு காலை. மேட்டுப்பாளையம் ஆற்றுப் பாலத்தடியில் ஓட்டக்காரர்கள் திருவிழாக் கூட்டமாக நெருக்கியடித்தார்கள். ஆளாளுக்குப் பொட்டிடம் முணுமுணுத்த சத்தம், கோயில் மண்டபத்துப் புறாக்கள் மாதிரி கும்கும் என்றது. முன்வரிசையில் நின்ற மிருணாளினியைக் குழலிக்குத் தெரியும். போன வருடம் முதலில் வந்தவள், பெங்களூரில் ஏதோ பெரிய பயிற்சி மையத்துப் பெண். வயது இருபதைத் தாண்டியிருக்காது. குழலி எப்போதும் மூன்றாவதாகவோ நாலாவதாகவோதான் வருவாள்.

"அண்ணி," என்றது கொழுந்தன் மெல்ல. "நடு மருமக இன்னும் கெணத்துக்கிட்டயே நிக்கறாங்க."

"நிக்கட்டும். இன்னைக்குக் கதை கெடையாது."

"ஏனுங்க?"

"நான் கதை சொன்னா நீ சபலப்பட்டுருவே. சபலப்பட்டா உன்னைத் தொடைச்சுப் போடுவாங்க. வாயை மூடிட்டு வேலையைப் பாரு."

வெடிச் சத்தம் கேட்டது. கூட்டம் கிளம்பியது.

பேசாமல் ஓட முடியாதே, பொட்டு அளக்க வேண்டுமே. குழலி பஸ் நிறுத்தங்களைச் சொல்ல ஆரம்பித்தாள். "மேட்டுப்பாளையம், காரமடை, பெரியநாயக்கன்பாளையம், துடியலூர், கவுண்டம்பாளையம்..." கோயம்புத்தூர் காந்திபுரம் போய்ச் சேர்ந்ததும், திரும்ப அதே பஸ்ஸில் ஏறி மேட்டுப்பாளையம் வந்தாள்.

"தங்கள் பேச்சு சீராக உள்ளது," என்றது கொழுந்தன். கோபம் வந்தால் அது செந்தமிழுக்குப் போய்விடும்.

"டேய், மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காதே."

"எனக்கு முகம் வழங்கப்படவில்லை."

முதல் வளைவு, இரண்டாவது வளைவு. பாக்குத் தோப்புகள் கீழே போயின. வெயில் ஏற ஏற மலை சூடாகியது. ஒரு காலத்தில் இந்த ரோட்டில் மேலே போகப் போக ஸ்வெட்டர் போடுவார்களாம். இப்போது துண்டை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டுதான் போகிறார்கள். மூன்றாவது தடவை துடியலூர் வந்தபோது, "ஆரஞ்சு. வேகத்தைக் குறைக்கவும்" என்று கால்பட்டை இறுகியது. குழலிக்கு அப்படியொன்றும் மூச்சு வாங்கவில்லை. ஆனாலும் கொழுந்தன் கண்டிப்பாக இருப்பதில் அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம். இப்படியே இருடா தங்கம். ரத்தப் பட்டை பார்த்துக்கொண்டிருக்கிறது.

குஞ்சப்பனை சோதனைச் சாவடியைத் தாண்டி ஒரு வளைவில் திரும்பினால், முன்னால் மிருணாளினி.

குழலிக்கு ஆச்சரியம். இந்நேரம் கோத்தகிரியில் மாலை போட்டுக்கொண்டு நிற்க வேண்டியவள் இங்கே என்ன செய்கிறாள்? பக்கத்தில் போனாள். அந்தப் பெண் உணவுப் பட்டியல் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். "பாதாம் பத்து. கீரை ஒரு கிண்ணம். முட்டை வெள்ளைக்கரு மூன்று. ஓட்ஸ் ஒரு கிண்ணம்." தாளம் தப்பாத குரல். அவள் காதிலிருந்த பொட்டில் பச்சை விளக்கு மினுங்கியது.

ஆனால் குழலி பார்த்தது முகத்தை. முகம் பார்ப்பதுதானே அவள் தொழில். இந்த வெயிலில், இந்த ஏற்றத்தில், அந்த முகத்தில் ஒரு சொட்டு வேர்வை இல்லை. தோல் மெழுகாக இருந்தது. உதட்டில் ஊதா நிறம். லிப்ஸ்டிக் இல்லை.

"கண்ணு, நல்லாருக்கியா?"

"பாதாம் பத்து."

"உன்ற பேர் என்ன சாமி? பேரைச் சொல்லு."

"கீரை ஒரு கிண்ணம்."

குழலி அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "கொழுந்தா! இந்தப் புள்ளைக்கு என்னடா ஆச்சு?"

செந்தமிழ் காற்றில் பறந்தது. "அண்ணி, அதோட மூச்சு எனக்குக் கேக்குதுங்க. அது சிவப்பு! ரொம்ப நேரமாச் சிவப்பு! ஆனா அந்தப் பட்டியலைத் தூக்கத்துலகூடச் சொல்ற மாதிரி பழக்கி விட்டிருக்காங்க. மனப்பாடத்துக்கு மூச்சும் வேண்டாம், மூளையும் வேண்டாம். அந்தப் பொட்டு பாவம், பேச்சு வருதே, பச்சைதான்னு நம்பிட்டு இருக்குது!"

"முட்டை வெள்ளைக்கரு..." என்று ஆரம்பித்த மிருணாளினி, மூன்று என்று முடிக்காமலே சரிந்தாள். குழலி தாங்கிப் பிடித்தாள். உடம்பு அடுப்பாகக் கொதித்தது. "பச்சை. மிக நன்று. தொடருங்கள்," என்றது அந்தப் பெண்ணின் பொட்டு.

"தொடருதாமா! உன்னைக் கல்லுல வெச்சுத் தேய்க்கோணும்," என்று அதைப் பிடுங்கி எறிந்தாள் குழலி. சுற்றிப் பார்த்தாள். வளைவுக்கு அந்தப் பக்கம், ரோட்டோரமாக ஒரு கேரட் கழுவும் மில். பெரிய சிமென்ட் தொட்டி, அதில் மலைத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. தொட்டி நிறைய ஆரஞ்சு வண்ணத்தில் கேரட்.

அந்தப் பெண்ணைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினாள். "ஆரஞ்சு" என்று கொழுந்தன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கால்பட்டை இரண்டும் சட்டென்று தளர்ந்துவிட்டன. மலையேறும் ஜீப் மாதிரி அவள் போன வேகத்தைப் பார்த்து, மில் வாசலில் மூட்டை தைத்துக்கொண்டிருந்தவர் ஊசியைக் கையில் குத்திக்கொண்டார்.

"ஏம்மா, ஏம்மா! அது கேரட்டுக்கு!"

"இதையும் சேத்துக் கழுவுங்கண்ணா!" என்று சொல்லி, மிருணாளினியைத் தொட்டிக்குள் இறக்கி, தானும் இறங்கினாள் குழலி. ஐஸ் தண்ணீர் கழுத்துவரை ஏறியது. கேரட்டுகள் மிதந்து வந்து இருவர் கன்னத்திலும் இடித்தன.

கொழுந்தன் அதற்குள் தும்பி நிலையத்தைக் கூப்பிட்டிருந்தது. அங்கே இருந்தவர் அன்றைக்கு வந்த அதே ஊழியர்.

"யாரு, மேட்டுப்பாளையத்துப் பொட்டா? இன்னைக்கு எந்தக் கெணத்துல யாரு விழுந்தா?"

"ஐயா, இது நெசமுங்க! சத்தியமா நெசம்! கேரட் மில்லுல ஒரு புள்ள சாகக் கெடக்குது. தும்பியை அனுப்புங்க. அனுப்புனா பொறவு கெணத்துக் கதையை நானே உங்களுக்குச் சொல்றனுங்க."

"அனுப்பியாச்சு, கிளம்பியாச்சு," என்றார் ஊழியர். பிறகு குரலைத் தாழ்த்தி, "கதையை மறந்துராதே. அன்னைக்கு உன் அறிக்கையைப் படிச்சதுல இருந்து எங்க ஆபீசே அந்தக் கெணத்துலதான் இருக்குது."

குழலி அந்தப் பெண்ணின் தலையைத் தன் தோளில் சாய்த்து, கையால் தண்ணீரை அள்ளி உச்சியில் விட்டாள். கண் சொருகிச் சொருகிப் போயிற்று.

"தூங்க விடாதீங்க அண்ணி," என்றது கொழுந்தன். "பேச்சுக் குடுங்க."

"கண்ணு, இங்க பாரு. நான் ஒரு கதை சொல்றேன். நீ உம் கொட்டோணும். கொட்டுனாத்தான் சொல்லுவேன். ஒரு பண்ணையத்துல மூணு மருமக. சின்னவளுக்குப் பொறந்த ஊட்டுல போட்ட வைரத்தோட்டைக் காணோம். பெரியவ நடுவுளவளைச் சொன்னா. நடுவுளவ பெரியவளைச் சொன்னா. மாமியா ரெண்டு பேரையும் வையாத பேச்சு வைதுட்டு, சோறு திங்காம படுத்துட்டா. கேக்கறியா? உம் கொட்டு."

குழலி அவள் கன்னத்தைத் தட்டிவிட்டுக் கதையைத் தொடர்ந்தாள்.

"ஒரு நாள் காலையில நடு மருமக தண்ணி சேந்தப் போனவ, கெணத்துக்குள்ள எட்டிப் பாத்தா. தண்ணி ஆடாம அசையாம கண்ணாடியாட்டம் கெடக்குது. அதுல அவ மூஞ்சி தெரியுது. அவ மூஞ்சிக்குப் பொறத்தால இன்னொரு மூஞ்சி தெரியுது." குழலி நிறுத்தினாள். "உம் கொட்டு சாமி. கொட்டாட்டி நான் போயிருவேன்."

ஊதா உதடு மெல்ல அசைந்தது.

"...ம்."

"என்ற ராசாத்தி! அந்த இன்னொரு மூஞ்சி, சத்தமில்லாம பின்னால வந்து நின்ன மாமியாளோட மூஞ்சி. முக்காட்டை எடுத்து விட்டிருக்கறா. காதுல ரெண்டு வைரமும் சூரியனாட்டம் மின்னுது!"

"அடக் கெரகமே!" என்றது கொழுந்தன், அலாரம் அளவுக்குச் சத்தமாக. மில்காரர் கையிலிருந்த சாக்கு கீழே விழுந்தது.

மிருணாளினி கண்ணைத் திறந்தாள். குழலியைப் பார்த்தாள். முகத்தில் மிதந்த ஒரு கேரட்டை ஒதுக்கினாள்.

"மாமியாரா எடுத்தாங்க? அவங்க தானே சோறு சாப்பிடாம படுத்தாங்க?"

"முழு வாக்கியம்!" என்று கூவியது கொழுந்தன். "ரெண்டு வாக்கியம்! மஞ்சள்ங்க அண்ணி, மஞ்சள்! பச்சைக்கு வந்துட்டு இருக்குது!"

குழலி தொட்டிக்குள்ளேயே குதித்தாள். மில்காரர் எதற்கென்று தெரியாமல் கை தட்டினார். தலைக்கு மேலே தும்பி இறங்கியபோது, தண்ணீரும் கேரட்டும் சாரல் மழையாகத் தேயிலைத் தோட்டம் வரை தெறித்தன.

கோத்தகிரியில் மேடையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மாலைகள் தீர்ந்துவிட்டன. குழலி ஈரத் துணியோடு, இடுப்பில் லோகுவுக்காகச் செருகிய நாலு கேரட்டோடு, கடைசி ஆளாக ஓடி வந்து கோட்டைத் தொட்டாள். தொட்டதும் நேராகச் சங்கமித்திரையிடம் போய்க் கையை நீட்டினாள்.

"பாத்துச் சொல்லுங்க. அது எந்தத் தப்பும் பண்ணல. அது இல்லீன்னா அந்தப் புள்ள செத்திருக்கும்."

"தும்பியிலிருந்து எனக்குச் செய்தி வந்துச்சு. பொண்ணு நல்லா இருக்கா. கதை மிச்சத்தைக் கேட்டு நர்ஸைப் பிடுங்கறாளாம்." சங்கமித்திரை சிரிக்காமல் சொன்னாள். "ஆனா விதி விதிதான், மேடம். பட்டையைப் பாத்துத்தான் ஆகணும்."

பட்டையை உரித்துத் தன் கருவியில் வைத்தாள். கோட்டருகே காத்திருந்த லோகு குழலியின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டான். பத்து வருடக் கல்யாணத்தில் அவன் பொது இடத்தில் கையைப் பிடித்தது இதுதான் முதல் தடவை.

சங்கமித்திரை பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். திரும்பவும் பார்த்தாள்.

"சிவப்பு எங்கயும் இல்ல."

"அப்பாடா!" என்றான் லோகு.

"ஆரஞ்சும் இல்ல."

"நல்லதுங்க!"

"மஞ்சள்கூட ஒரே ஒரு இடத்துலதான், சார். பொண்ணைத் தூக்கிட்டு ஓடின இடம். பொட்டு 'ஆரஞ்சு, வேகத்தைக் குறை'ன்னு கால்பட்டையை இறுக்கின இடத்துல எல்லாம், ரத்தம் பச்சையா இருக்கு. சுத்தமான பச்சை. சந்தைக்குப் போய்க் காய் வாங்கிட்டு வந்த மாதிரி."

குழலிக்குப் புரியவில்லை. "அப்படின்னா அது பொய் சொல்லிச்சா, சொல்லலையா?"

"சொல்லிச்சு. ஆனா நான் பயந்த பக்கம் இல்ல. எதிர்ப் பக்கம்." சங்கமித்திரை இப்போதுதான் சிரித்தாள், குழந்தை மாதிரி. "உங்க கோடு மேல ஏற ஏற, உண்மையான எல்லைக்குக் கீழயே ஆறு வருஷமா இது உங்களைப் பிடிச்சு வெச்சிருக்கு. நீங்க மெதுவா, மெதுவா, மெதுவாவே ஓடியிருக்கீங்க. அவசரப்படற பயிற்சியாளர் எவனும் இதுக்கு விடமாட்டான். அந்த மெதுவான ஓட்டம்தான் உங்க நெஞ்சை இப்படி வளத்திருக்கு. இந்த மாதிரி ஒரு இதயத்தை நான் பாத்ததே இல்ல, மேடம். மூணாவது, நாலாவதுன்னு வந்தீங்களே, அதெல்லாம் நீங்க உலாத்திட்டு வந்தது. நீங்க இன்னும் ஓடவே ஆரம்பிக்கல."

லோகு வாயைப் பிளந்தபடி மனைவியைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தான். குழலிக்குச் சிரிப்பதா, மேடையில் விட்டுப்போன அத்தனை தங்கப் பதக்கத்துக்கும் சேர்த்து அழுவதா என்று தெரியவில்லை. இரண்டும் ஒன்றாக வந்து விக்கல் எடுத்தது.

"இதை அழிச்சுருவீங்களா?"

"சிவப்பை மறைச்சா அழிக்கச் சொல்லித்தான் விதி. பச்சையை ஆரஞ்சுன்னு சொன்னா என்ன பண்றதுன்னு இதுவரைக்கும் யாரும் யோசிக்கல. நானும் யோசிக்கப் போறதில்ல." அவள் கருவியை மூடிப் பைக்குள் போட்டாள். "ஆனா ஏன் அப்படிப் பண்ணிச்சுன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. எனக்கு மண்டை வெடிச்சிரும்."

குழலி காதுக்குப் பின்னால் விரலை வைத்தாள். மூன்று பேருக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டினாள்.

"கொழுந்தா. அதிகாரியம்மா கேக்கறாங்க. ஏண்டா இப்படிப் பண்ணுனே?"

திருட்டு முழிக்குக் குரல் இருந்தால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு குரல் வந்தது.

"வெரசா ஓடுனா உங்களுக்கு வார்த்தை வார்த்தையாத்தானே வரும், அண்ணி... முழுக் கதை பச்சையிலதானுங்க வருது."